புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் விண்டோஸ் நிறுவல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றுவிடுகிறது

திருப்புளி:

வணக்கம். முதன்முறையாகப் பாகங்களைத் தனித்தனியே வாங்கி நானே ஒரு கணினியை அசெம்பிள் செய்திருக்கிறேன். ரைசன் 7 7700 பிராசஸர், ஏஎம்5 மதர்போர்டு, தலா 16 ஜிபி அளவுள்ள இரண்டு டிடிஆர்5 ரேம்கள், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஆகியவை அதில் உள்ளன. பயாஸ் திரை (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது. 32 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, விசிறியின் வேகம் எல்லாவற்றையும் சரியாகவே காட்டுகிறது. ரேமின் பெட்டியில் வேகம் 6000 என்று அச்சிட்டிருந்ததால், ரேமை அந்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ வசதியையும் இயக்கிவிட்டேன்.

விண்டோஸ் 11-ஐ நிறுவத் தொடங்கியதும்தான் சிக்கல் ஆரம்பித்தது. எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து, கோப்புகளை நகலெடுக்கும் கட்டம் வரை எந்தத் தடையும் இல்லை. அதன்பின், தேவையான கோப்புகளை நிறுவ இயலவில்லை, கோப்பு சிதைந்தோ விடுபட்டோ இருக்கலாம் என்ற செய்தி வருகிறது. பிழை எண் 80070570 என்று முடிகிறது. முதல் முறை 37 விழுக்காட்டிலும், இரண்டாம் முறை 62 விழுக்காட்டிலும், மூன்றாம் முறை 18 விழுக்காட்டிலும் நின்றது. நான்காம் முறை நகலெடுப்பு முழுவதும் முடிந்து கணினி மறுதொடக்கம் ஆனபோது, "மெமரி மேனேஜ்மென்ட்" என்ற நீலத்திரை வந்தது.

பென் டிரைவில்தான் பழுது என்று எண்ணி, விண்டோஸ் நிறுவல் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை மீண்டும் பதிவிறக்கி, மூன்று வெவ்வேறு பென் டிரைவ்களில் மாற்றிப் பார்த்துவிட்டேன். நிலைமை மாறவில்லை. எஸ்எஸ்டியை மாற்றித் தரக் கேட்பதுதான் வழியா?

ஒற்றைப்படை:

நகலெடுப்புக்கு முன்பே நின்றிருந்தால் வேறு காரணங்களைச் சொல்லியிருப்பேன். எஸ்எஸ்டி பட்டியலிலேயே தென்படாவிட்டால், இன்டெல் பிராசஸராக இருக்கும்பட்சத்தில் வட்டுகளைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும் விஎம்டி என்ற வசதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 11ஆம் தலைமுறை முதல் பலரை அலைக்கழித்த விஷயம் அது. எஸ்எஸ்டி தெரிந்தும் அதில் நிறுவ மறுத்தால், பெரும்பாலும் அது பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கும்; ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்திக் கட்டளைத் திரையைத் திறந்து, டிஸ்க்பார்ட் என்ற வட்டுக் கருவி மூலம் துடைத்து ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும். (அதைச் செய்பவர்கள் மற்ற வட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். வட்டின் எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டால், "நிச்சயமாகவா?" என்றுகூடக் கேட்காமல் துடைத்துவிடும்.)

உங்களுடையது இவை இரண்டிலும் சேராது. எனக்கும் எஸ்எஸ்டியின் மேல்தான் ஐயம். மதர்போர்டில் எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 இடம் இரண்டாவதாக ஒன்று இருந்தால் அதில் பொருத்தி ஒருமுறை பாருங்கள்.

இரவுப்பறவை:

எஸ்எஸ்டியைக் கழற்றுவதற்கு முன், நீங்களே எழுதிய மூன்று எண்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்: 37, 62, 18. பென் டிரைவில் உள்ள கோப்பு சிதைந்திருந்தால் அந்தச் சிதைவு எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கும். நிறுவலும் ஏறத்தாழ அதே விழுக்காட்டில்தான் நிற்கும். மூன்று பென் டிரைவ்களும் மூன்று விதமாகக் கெட்டுப்போயிருக்கும் என்பதும் நம்பும்படியாக இல்லை. நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால், தரவு பென் டிரைவிலிருந்து எஸ்எஸ்டிக்குப் போகும் வழியில் கெடுகிறது என்று பொருள். அந்த வழியில் இருப்பது ரேம். நீலத்திரையும் அதே திசையைத்தான் காட்டுகிறது.

ரேம் கெட்டிருக்கக் கோப்பின் மேல் ஏன் பழி விழுகிறது என்று கேட்கலாம். நிறுவல் பென் டிரைவின் உள்ளே விண்டோஸின் ஆயிரக்கணக்கான கோப்புகள் பெரிய ஒரே கோப்புக்குள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நிறுவி அதைத் துண்டு துண்டாக ரேமில் ஏற்றி, விரித்து, சரிபார்ப்புத் தொகையுடன் (தரவு மாறவில்லை என்று உறுதிசெய்ய முன்பே கணக்கிட்டு வைத்த எண்) ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே எஸ்எஸ்டியில் எழுதுகிறது. சாதாரணப் படமொன்றில் ஒரு பிட் மாறினால் ஏதோ ஒரு புள்ளியின் நிறம் சற்றே மாறும், யாரும் கவனிக்கப் போவதில்லை; சுருக்கப்பட்ட தரவில் அதே ஒரு பிட் 0 இருக்க வேண்டிய இடத்தில் 1 ஆகிவிட்டால் அந்தத் துண்டு முழுவதுமே விரியாமல் போகும். கையில் வந்த தரவு சிதைந்திருக்கிறது என்பது மட்டுமே நிறுவிக்குத் தெரியும். எங்கே சிதைந்தது என்று அறிய அதற்கு வழியில்லை.

ஆகவே முதலில் எக்ஸ்போவை நிறுத்துங்கள். பெட்டியில் 6000 என்று போட்டிருப்பது ரேம் எட்டக்கூடிய வேகம். உங்கள் பிராசஸருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம், இரண்டு ரேம்களுடன், 5200 மட்டுமே. அதற்கு மேலே போவது ஒருவகையில் ஓவர்கிளாக் செய்வதுதான், அதாவது வரம்பை மீறிய வேகத்தில் ஓட்டுவதுதான். நிறுத்தியதும் பெரும்பாலும் 4800-க்கு இறங்கிவிடும். அடுத்த தொடக்கத்தில் மதர்போர்டு ரேமுக்கேற்பத் தன்னைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். அப்போது மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். பிறகு வேறொரு பென் டிரைவில் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரலை ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கிச் சோதியுங்கள். அங்கீகரிக்கப்படாத நிரல்களிலிருந்து கணினி தொடங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். அந்தச் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ஒன்றுதானே என்று விட்டுவிடக் கூடாது.

திருப்புளி:

விளக்கத்திற்கு நன்றி. எக்ஸ்போவை நிறுத்தினேன். நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால், அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பவர் பொத்தானை அழுத்தியிருப்பேன். கிட்டத்தட்ட 4 நிமிடங்கள் ஆயின. வேகம் இப்போது 4800. ஆனாலும் நிறுவல் 81 விழுக்காட்டில் அதே பிழையுடன் நின்றது. எஸ்எஸ்டியை இரண்டாவது எம்.2 இடத்திற்கு மாற்றியும் பயனில்லை.

மெம்டெஸ்டை இன்னும் ஓட்டவில்லை. ஓர் ஐயம்: 32 ஜிபி முழுவதையும் பயாஸ் காட்டுகிறது, ரேம்களோ இரண்டும் புத்தம் புதியவை, வேகத்தையும் குறைத்தாகிவிட்டது. இனியும் ரேமைச் சந்தேகிக்கத்தான் வேண்டுமா?

கருவிப்பெட்டி:

வேண்டும். ஒவ்வொரு ரேமிலும் அதன் அளவையும் வேகத்தையும் குறித்து வைத்த சிறு சிப் ஒன்று உண்டு; பயாஸ் 32 ஜிபி என்று காட்டுவது பெரும்பாலும் அதைப் படித்துத்தான். மூட்டையின் மேல் எழுதியிருக்கும் எடையைப் படிப்பதற்கும், மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? கோடிக்கணக்கான செல்களையும் தொடக்கத்தில் பயாஸ் ஒவ்வொன்றாகச் சோதிப்பதில்லை. டிடிஆர்5-இல் சிப்பின் உள்ளேயே பிழை திருத்தும் வசதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது சிப்புக்குள் நேரும் சிறு பிழைகளுக்கு மட்டுமே. சிப்பிலிருந்து பிராசஸர் வரையிலான பயணத்தை அது காக்காது. புதியது என்பதையும் உத்தரவாதமாகக் கொள்ள முடியாது. மின்னணுப் பாகங்களில் ஒரு பகுதி முதல் சில நாள்களிலேயே காலை வாரிவிடும்.

இரண்டு ரேம்களையும் ஒன்றாக வைத்து ஓட்டினால் பிழை இருப்பது தெரியும், யாரிடம் என்பது தெரியாது. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஒரு ரேமைக் கழற்றி வையுங்கள். மற்றதை ஏ2 இடத்தில், அதாவது பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் இடத்தில், பொருத்திச் சோதனையை முழுச் சுற்று ஓட விடுங்கள். பிறகு அதே ஏ2-இல் அடுத்த ரேமை வைத்து ஓட்டுங்கள். பிழை காட்டும் ரேமை பி2-க்கு, அதாவது நான்காவது இடத்திற்கு, மாற்றி மூன்றாம் முறையும் ஓட்டுங்கள். எங்கே வைத்தாலும் பிழை அதைத் துரத்திக்கொண்டு வந்தால் ரேம்தான் பழுது. எந்த ரேமை வைத்தாலும் ஒரே இடத்தில் மட்டும் பிழை வந்தால் ரேம்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. பிராசஸரைத் தூக்கிச் சாக்கெட்டின் ஊசிகளைப் பார்க்க வேண்டும். ஏஎம்5-இல் ஊசிகள் மதர்போர்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும், அழுத்தம் சீராக இல்லாமல் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் போதும். நானே ஒருமுறை கூலரின் திருகுகளை ஒரு பக்கம் மட்டும் இறுக்கிவிட்டு, ஒரு வாரம் ரேமைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பொருத்தும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பல மதர்போர்டுகளில் ரேமைப் பிடிக்கும் கொக்கி ஒரு முனையில் மட்டுமே இருக்கும். அது "டக்" என்று விழுந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவோம். கொக்கி இல்லாத முனை அரை மில்லிமீட்டர் தூக்கியிருக்கும். அந்த முனையையும் அழுத்திச் சமமாக இருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

திருப்புளி:

சொன்னபடியே செய்தேன். முதல் ரேமை ஏ2-இல் வைத்து இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் பிழை 0. இரண்டாவது ரேமை அதே ஏ2-இல் வைத்த 9ஆவது நிமிடமே சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. எழுதிய மதிப்பையும் திரும்பப் படித்த மதிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒவ்வொரு வரியிலும் அதே ஒரு பிட் மட்டும் மாறியிருந்தது. முகவரிகளும் 11 ஜிபியை ஒட்டியே இருந்தன. அதைப் பி2-க்கு மாற்றியதும் அதே கதை. ஐயம் தீர முதல் ரேமைப் பி2-இல் வைத்தும் ஓட்டிவிட்டேன், பிழை ஒன்றுமில்லை.

இப்போது முதல் ரேமை மட்டும் ஏ2-இல் வைத்து, நான் பழித்துக்கொண்டிருந்த அதே பென் டிரைவிலிருந்து விண்டோஸை நிறுவினேன். ஒரே மூச்சில் முடிந்தது. கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றித் தரக் கேட்கலாமா, அல்லது இரண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

இரவுப்பறவை:

ஒரே பெட்டியில் இணையாக வந்தவை என்றால் இரண்டையும் சேர்த்தே திருப்பிக் கொடுங்கள். இணையாகச் சோதித்துத்தான் அந்த வேகத்தை அச்சிடுகிறார்கள். தனியாக வரும் ஒன்றில் வேறு வகைச் சிப்புகள் இருந்தால், 4800-இல் பொருந்தினாலும் 6000-இல் முரண்டு பிடிக்கலாம். மெம்டெஸ்டின் சிவப்பு வரிகள் தெரியும்படி ஒரு புகைப்படத்தை உத்தரவாதக் கோரிக்கையுடன் இணைத்தால் கேள்விகள் குறையும்.

நல்ல ரேமில் நிறுவிய விண்டோஸை அப்படியே வைத்துக்கொள்ளலாம். உங்கள் நான்காம் முயற்சி நீலத்திரை வராமல் எப்படியோ முடிந்திருந்தால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்லியிருப்பேன், ஏனெனில் சரிபார்ப்புக்குப் பின், எஸ்எஸ்டியில் எழுதப்படுவதற்கு முன் கெட்ட தரவை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். புதிய இணை வந்ததும் பொருத்தி, எக்ஸ்போ இல்லாமல் ஒரு முழுச் சுற்று, எக்ஸ்போவுடன் ஒரு முழுச் சுற்று என்று மெம்டெஸ்டை ஓட்டிய பிறகே விண்டோஸைத் தொடங்குங்கள். எக்ஸ்போவுடன் மட்டும் பிழை வந்தால் பயாஸைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்; அப்போதும் வந்தால் வேகத்தை 5600-க்கு இறக்குங்கள். வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது.