பழைய பான்டூன் படகைத் தொண்டு அமைப்புக்குக் கொடுக்க எது சரியான வழி?

ஏரிக்கரைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மினசோட்டாவில், மினியாப்பொலிஸ் நகருக்கு மேற்கே உள்ள ஓர் ஏரியில் பதினொரு ஆண்டுகளாக எங்கள் குடும்பம் ஒரு பான்டூன் படகை (மிதக்கும் இரண்டு உலோகக் குழாய்களின் மேல் தட்டையான தளம் போட்ட படகு) வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு மாடல், 22 அடி நீளம், 60 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார், கூடவே ட்ரெய்லரும் உண்டு. பிள்ளைகள் இருவரும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கும் அடுத்த ஆண்டு டெக்சாஸுக்கு வேலை மாற்றம். இந்த 2025 முடிவதற்குள் படகை ஏதாவது ஒரு தொண்டு அமைப்புக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம்.

விற்றுவிடலாமே என்று கேட்பீர்கள். மதுரையிலிருந்து அம்மா வந்திருந்த கோடைகளில், மூட்டுவலியால் வேறு எந்தப் படகிலும் ஏற முடியாத அவர், படகுத்துறையின் பலகையிலிருந்து இதன் தளத்தில் ஒரே எட்டில் கால் வைத்து, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முன்பக்க இருக்கையில் போய் உட்கார்ந்துவிடுவார். அம்மா இப்போது இல்லை. நடக்க முடியாதவர்களைத் தண்ணீரின் மேல் கூட்டிப் போகும் ஓர் இடத்துக்கு இந்தப் படகு போனால் என் மனம் நிறையும்.

இணையத்தில் பார்த்து ஒரு நிறுவனத்தை அழைத்தேன். இலவசமாக இழுத்துச் செல்வதாகவும், சந்தை மதிப்பு முழுவதற்கும் ரசீது தருவதாகவும், அதை அப்படியே வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். விலைப்பட்டியல்களில் பார்த்தால் இதன் மதிப்பு ஏறக்குறைய 9,000 டாலர் வருகிறது. அவர்கள் சொல்வது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வரிக்கணக்கர் எழுதியது:

வணக்கம். பல ஆண்டுகளாக வரிப்படிவங்கள் தயாரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2004ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு முன்பு அப்படித்தான் நடந்தது. ஓடாத வண்டிக்கும் பட்டியல் விலையைக் காட்டிப் பலர் வரியைக் குறைத்துக்கொண்டார்கள். 2005 முதல் விதி வேறு. கார், படகு, விமானம் எதுவாயினும், 500 டாலருக்கு மேல் வரிக்கழிவு கோரினால், தொண்டு அமைப்பு அதை விற்றுப் பெற்ற தொகை எவ்வளவோ அவ்வளவுதான் உங்களுக்குக் கழிவு. உங்கள் 9,000 டாலர் படகு ஏலத்தில் 2,200 டாலருக்குப் போனால் நீங்கள் எழுதக்கூடியது 2,200 மட்டுமே. விற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அவர்கள் உங்களுக்கு 1098-சி படிவம் (நன்கொடையாக வந்த வண்டி, படகுக்கான சான்று) அனுப்ப வேண்டும். அது கையில் இல்லாமல் 500 டாலருக்கு மேல் கழிவு கோர முடியாது. ஒருவேளை 500 டாலரோ அதற்குக் குறைவாகவோ விலை போனால், 500 அல்லது உண்மையான சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதை எழுதலாம்.

முழு சந்தை மதிப்பையும் கழிக்க இடம் உண்டு. ஆனால் அதற்கு அமைப்பு படகை உடனே விற்காமல் தன் தொண்டுப் பணியிலேயே கணிசமான அளவு பயன்படுத்த வேண்டும், அல்லது அதன் மதிப்பு உயரும்படி பெரிய அளவில் சீர்செய்ய வேண்டும், அல்லது ஏழை ஒருவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுக்க வேண்டும். கழுவித் துடைத்து சில்லறைப் பழுது பார்ப்பதெல்லாம் சீர்செய்ததாகக் கணக்காகாது. எப்படிப் பயன்படுத்தப் போகிறார்கள், எவ்வளவு காலம் என்பதை அமைப்பே 1098-சியில் எழுதி உறுதியளிக்க வேண்டும். நீங்கள் விரும்புவதும் இதுவே என்பதால் உங்களுக்கு ஏற்ற வழி இதுதான். ஆனால் மதிப்பு 5,000 டாலரைத் தாண்டுவதால், தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவரின் எழுத்துபூர்வ மதிப்பீடும், பணமல்லாத நன்கொடைக்கான 8283 படிவத்தின் பி பகுதியில் அமைப்பின் கையெழுத்தும் தேவைப்படும். படகைக் கொடுக்கும் நாளுக்கு 60 நாட்களுக்கும் மேல் முன்னதாகச் செய்த மதிப்பீடு செல்லாது என்பதால் அவசரப்பட்டு இப்போதே செய்துவைத்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் முந்திய கேள்வி, நீங்கள் செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கழிப்பவரா என்பது. 2025ஆம் ஆண்டுக்குக் கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால், பட்டியலிடாமலே கிடைக்கும் நிலையான கழிவே 31,500 டாலர். வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, சொத்து வரி, நன்கொடை எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டாவிட்டால், படகைக் கொடுத்ததால் கூட்டரசு வரியில் ஒரு டாலர்கூடக் குறையாது. (மினசோட்டா மாநில வரியில் மட்டும் ஓர் ஆறுதல் உண்டு: அங்கே நிலையான கழிவை எடுப்பவர்களும் 500 டாலருக்கு மேற்பட்ட நன்கொடையில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.) பட்டியலிடுபவர் என்றால் இந்த ஆண்டே முடித்துவிடுவது நல்லது. 2026 முதல், நன்கொடையில் உங்கள் வருமானத்தின் அரை விழுக்காடு வரையிலான பகுதி கழிவில் சேராது.

தகுந்த அமைப்பு கிடைக்காவிட்டால் நீங்களே விற்றுப் பணத்தைக் கொடுங்கள். வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்பதால் லாப வரி வராது. ஏலக்காரருக்கும் இடைத்தரகருக்கும் போகும் பங்கும் அந்த அமைப்புக்கே போய்ச் சேரும்.

படகுத்துறை எழுதியது:

நான் பட்ட பாட்டைச் சொல்லி எச்சரிக்கத்தான் இதை எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஓர் இடைநிலை நிறுவனத்தின் வழியாக என் பழைய படகைக் கொடுத்தேன். இழுத்துச் செல்ல வந்தவர், உரிமைச் சான்றின் பின்புறத்தில் கையெழுத்து மட்டும் போடுங்கள், பெறுபவர் பெயரை அலுவலகத்தில் நிரப்பிக்கொள்வார்கள் என்றார். நானும் போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டு குளிர்காலம் கழித்து, யாருடைய நிலத்திலோ கிடக்கும் படகை அகற்றுமாறு எனக்கு அறிவிப்பு வந்தது. பெயர் நிரப்பப்படாமலேயே அது கைமாறிப் போயிருந்தது. பதிவேட்டில் நான்தான் உரிமையாளர். அதிலிருந்து விடுபட எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

ஆகவே, சான்றில் அந்தத் தொண்டு அமைப்பின் முழுப்பெயரை உங்கள் கண்ணெதிரே எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள். படகின் பின்பக்க வலது மூலையில் பொறித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண்ணும் சான்றில் உள்ளதும் ஒன்றா என்று சரிபாருங்கள். எல்லாத் தாள்களையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உரிமை கைமாறியதை மாநிலத்துக்கு நீங்களே தெரிவித்துவிடுங்கள். ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு இருப்பதால் அதையும் தனியாக மாற்ற வேண்டும். இவை முடியும்வரை காப்பீட்டை ரத்து செய்யாதீர்கள். அமைப்பு உண்மையிலேயே வரிவிலக்குப் பெற்றதா என்பதை வருமானவரித் துறையின் இணையத் தேடலில் பெயரைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அலுமினியம் எழுதியது:

உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான கோடை முகாம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகப் படகுகளைப் பராமரிக்கும் தன்னார்வலன் நான். 1952இல் இதே மினசோட்டாவின் ரிச்மண்ட் ஊரில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி, இரும்பு உருளைகளின் மேல் மரத்தளம் போட்டால் சாதாரணப் படகைவிட ஆடாமல் நிற்கும் என்று கருதிச் செய்து பார்த்ததில் பிறந்ததுதான் பான்டூன். அந்த ஆடாத தளம்தான் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். சக்கர நாற்காலியை உருட்டி ஏற்றி, சக்கரத்தைப் பூட்டி, ஏரியின் நடுவே போய் இஞ்சினை அணைக்கும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் வருகிற படகுகளில் பாதியைத் திருப்பி அனுப்புகிறோம், ஏனென்றால் பழுதான படகு முகாமுக்குச் செலவாகவே வந்து சேர்கிறது. முதலில் பக்கவாட்டுக் கதவின் அகலத்தை அளந்து பாருங்கள்: சாதாரணச் சக்கர நாற்காலியே சுமார் 25, 26 அங்குலம் வரும், அதற்கு மேல் கை நுழைய இடம் வேண்டும். அடுத்து, படகை ட்ரெய்லரில் ஏற்றியதும் இரண்டு குழாய்களின் அடிப்புறத்தையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள். பற்றவைப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீரில் நிற்கும்போது ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தக் குழாய்க்குள் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். விரிப்பின்மேல் குதிகாலை அழுத்தி நடந்தால், எங்கே ஒட்டுப்பலகை மக்கியிருக்கிறதோ அங்கே தளம் மெத்தென்று உள்வாங்கும். மோட்டாரின் கீழ்ப்பகுதித் திருகைக் கழற்றி இரண்டு சொட்டு கியர் எண்ணெயை வெள்ளைத்தாளில் விட்டுப் பாருங்கள். தேனைப் போலத் தெளிவாக இருந்தால் நல்லது, பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அப்படியே உறைபனிக்கு விட்டால் மோட்டாரின் கியர் உறை வெடிக்கும்.

இந்தப் பருவத்தில் கொடுப்பதானால் குளிர்காலத்துக்கான பராமரிப்பைச் செய்தே கொடுங்கள். படகை ஏரியிலிருந்து எடுத்ததும் வடிகால் அடைப்பான்களைக் கழற்றி, களைகளை அகற்றி, நீரை முழுக்க வடித்துவிட வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி வேறு ஏரிக்குப் பரவாமலிருக்க மாநிலச் சட்டமே அதைக் கேட்கிறது. படகுத் தூக்கியையும் (படகை நீருக்கு மேலே தூக்கி நிறுத்தும் சட்டம்) சேர்த்துக் கொடுப்பதானால், அது 21 நாள் உலர்ந்த பிறகே வேறு நீர்நிலையில் இறங்க வேண்டும் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

முகாம்களை அழைக்கும்போது, "படகு வேண்டுமா?" என்று மட்டும் கேட்காமல், யார் ஓட்டுவார்கள், குளிர்காலத்தில் எங்கே நிறுத்துவார்கள், எத்தனை ஆண்டு வைத்திருக்க எண்ணம் என்று கேளுங்கள். இதற்குப் பதில் தயாராக வைத்திருப்பவர்கள்தான் உண்மையில் ஓட்டப் போகிறவர்கள்.

ஏரிக்கரைவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த நிறுவனத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று மாலையே கதவை அளந்தேன், 31 அங்குலம் இருக்கிறது. கியர் எண்ணெய் தெளிவாக இருக்கிறது. ஆனால் இடப்பக்கக் குழாயின் பின்முனை அரை அங்குலம் தாழ்ந்து நிற்பது போலத் தோன்றுகிறது. பதினொரு ஆண்டுகளில் நான் கவனித்ததே இல்லை. இதை நானே சரிசெய்து கொடுத்தால் அந்தச் செலவையும் கழிக்க முடியுமா?

வரிக்கணக்கர் எழுதியது:

உங்கள் படகாக இருக்கும்போது செய்யும் பழுதுச் செலவு தனி நன்கொடையாகாது. சீர்செய்த படகுக்கு மதிப்பீட்டில் கிடைக்கும் உயர்வு மட்டுமே கணக்கில் வரும். மதிப்பீட்டாளரை அழைப்பதற்கு முன்பே பழுதைப் பார்த்துவிடுங்கள்.

அலுமினியம் எழுதியது:

அரை அங்குலம் என்றால் பற்றவைப்பில் ஊசித்துளை அளவில் கசிவு இருக்கலாம். கரைக்கு ஏற்றி, மூக்கு உயரமாக நிறுத்தி, பின்முனையில் அடைப்பான் இருந்தால் அதைத் திறந்து எவ்வளவு நீர் வருகிறது என்று ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். இந்தச் சனிக்கிழமை நான் அந்தப் பக்கம்தான் வருகிறேன். தனிமடலில் இடத்தைச் சொன்னால் இருவருமாகச் சேர்ந்து பார்த்துவிடலாம்.