ஃப்ரீபிஎஸ்டி 14.2-க்கு மாறியதும் ஃபயர்ஃபாக்ஸ் இழுக்கிறது: கிராஃபிக்ஸில் எங்கே கை வைப்பது?

கேள்வி: பூட்லோடர்

இன்டெல் ஐ5-6500, உள்ளேயே இருக்கும் எச்டி 530 கிராஃபிக்ஸ், 16 ஜிபி ராம், இரண்டு மானிட்டர், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 14.1-இல் எல்லாம் ஒழுங்காக ஓடியது. 14.2 போட்டபிறகு பக்கத்தை நகர்த்தினாலே திக்கித் திக்கிப் போகிறது. யூடியூபில் 1080பி ஓடவிட்டால் நாலு கோரும் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது மானிட்டரைத் தனியாக அமைக்கவும் முடியவில்லை. "அபவுட்:சப்போர்ட்" பக்கத்தில் கம்போசிட்டிங் (பக்கத்தைத் திரையில் வரையும் முறை) வரியில் "வெப்ரெண்டர் (சாஃப்ட்வேர்)" என்று இருக்கிறது. "அபவுட்:கான்ஃபிக்"கில் "ஜிஎஃப்எக்ஸ்.வெப்ரெண்டர்.ஆல்" என்பதை ட்ரூ ஆக்கினால் இன்னும் மோசமாகிறது. பிரவுசரில் வேறு எதை மாற்ற வேண்டும்?

பதில் 1: கர்னல்வாசி

பிரவுசரை இப்போதைக்குத் தொடாதீங்க. அந்த ஜிஎஃப்எக்ஸ் அமைப்பையும் ரீசெட் பண்ணிடுங்க. ஃபயர்ஃபாக்ஸின் சாஃப்ட்வேர் வெப்ரெண்டர் சிபியுவில் வரைவதற்கென்றே எழுதப்பட்டது. அதைத் தாண்டி வலுக்கட்டாயமாக ஓப்பன்ஜிஎல் (கார்டிடம் வரையச் சொல்லும் வழி) கேட்டால், கீழே கார்டின் டிரைவர் ஏறாததால் மெசா என்ற கிராஃபிக்ஸ் நூலகத்தின் "எல்எல்விஎம்பைப்" வந்து நிற்கும். அதுவும் சிபியுதான், ஒரு முழு ஓப்பன்ஜிஎல் கார்டையே பாவனை செய்யும் சுமையோடு. மோசமானதற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது மானிட்டர் வராததுதான் இங்கே பெரிய துப்பு. மானிட்டர்களைப் பட்டியலிடும் "எக்ஸ்ரேண்டர்" கட்டளையை ஓட்டிப் பாருங்க. எச்டிஎம்ஐ, டிபி என்று பெயர்கள் வராமல் "டிஃபால்ட்" என்று ஒன்றே ஒன்று வந்தால், எக்ஸ் சர்வர் (திரையில் சாளரங்களைக் காட்டும் நிரல்) "எஸ்சிஎஃப்பி" டிரைவரில் ஓடுகிறது. அதற்கு பூட்டின்போது யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் விட்டுப்போன ஃப்ரேம்பஃபரில் (திரைப் படம் இருக்கும் நினைவகத்தில்) எழுத மட்டும்தான் தெரிந்தது. முடுக்கம் ஒன்றும் கிடையாது. அதாவது இன்டெல் கிராஃபிக்ஸுக்கான கர்னல் மாட்யூலான ஐ915கேஎம்எஸ் ஏறவில்லை. ஏறிய மாட்யூல்களைக் காட்டும் "கேஎல்டிஸ்டாட்" பட்டியலில் அது இருக்காது.

அப்டேட்டில் ஏன் இப்படி ஆகிறது என்றால், 14 வரிசையின் பொதுத் தொகுப்புகள் ஆதரவில் இருக்கும் மிகப் பழைய 14-இல் கட்டப்படுகின்றன. சாதாரண நிரல்களுக்கு அதனால் பாதிப்பில்லை. ஆனால் கிராஃபிக்ஸ் மாட்யூல் கர்னலின் உள் அமைப்போடு நேரடியாகப் பேசுவது, 14.1-இல் கட்டியது 14.2-இல் ஏறாமல் போகலாம், பேனிக்கும் (கர்னலே நின்றுபோவது) ஆகலாம். இதற்காகவே 14.2-இலிருந்து "ஃப்ரீபிஎஸ்டி-கேமாட்ஸ்" என்று தனி ரெப்போ (தொகுப்புக் களஞ்சியம்) வந்திருக்கு. "டிஆர்எம்-61-கேமாட்" தொகுப்பை அந்த ரெப்போவிலிருந்து, ஃபோர்ஸ் கொடுத்து மறுபடி நிறுவுங்க. பதிப்பு எண் ஒன்றாகவே தெரிந்தாலும் ஃபோர்ஸ் வேண்டும்.

ரீபூட் பண்ணுவதற்கு முன்னால் ஒன்று: ஆர்சி.கான்ஃப்பில், பூட்டில் ஏற்ற வேண்டிய மாட்யூல்களைச் சொல்லும் "கேஎல்டி_லிஸ்ட்" வரியை கமென்ட் பண்ணிடுங்க. பூட் ஆனதும் எக்ஸ் இல்லாமல் வெறும் கன்சோலில் இருந்து "கேஎல்டிலோட்" மூலம் மாட்யூலைக் கையால் ஏற்றிப் பாருங்க. பேனிக் ஆனாலும் ஒவ்வொரு பூட்டிலும் அதே இடத்தில் விழாது. எழுத்து அளவு சட்டென்று மாறி, திரை முழுத் தெளிவுத்திறனுக்குப் போனால் வேலை முடிந்தது. வரியைத் திரும்பப் போடுங்க. இதை லோடர்.கான்ஃப்பில் போடவே போடாதீங்க, பூட்டிலேயே தொங்கிவிட வாய்ப்பிருக்கு.

பதில் 2: மெசாபித்தன்

மேலே சொன்னது சரி. மாட்யூல் ஏறியும் "எல்எல்விஎம்பைப்" போகாவிட்டால் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும்.

முதலாவது அனுமதி. கார்டை அணுக உதவும் டிஆர்ஐ சாதனக் கோப்புகள் "வீடியோ" குழுவுக்குத்தான் திறந்திருக்கும். உங்கள் பயனர் அந்தக் குழுவில் இல்லையென்றால் எந்தப் பிழைச் செய்தியும் கண்ணில் படாது, மெசா சத்தமில்லாமல் சிபியுவுக்கு இறங்கிவிடும். சேர்த்தபிறகு லாக்அவுட் செய்து வர வேண்டும். திறந்திருக்கும் செஷனுக்கு அது பொருந்தாது.

இரண்டாவது, எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி கோப்பகத்தில் எப்போதோ எழுதிவைத்த டிரைவர் கோப்பு. "எஸ்சிஎஃப்பி" அல்லது "வெசா" என்று ஒரு வரி அங்கே கிடந்தால் கர்னல் சரியாக இருந்தும் பயனில்லை. அழித்துவிடுங்கள். எச்டி 530-க்கு எந்தக் கோப்பும் தேவையில்லை. எக்ஸ் தானாகவே "மோட்செட்டிங்" டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

பூட்லோடர்:

கேமாட்ஸ் ரெப்போவிலிருந்து போட்டதும் மாட்யூல் ஏறிவிட்டது. இரண்டு மானிட்டரும் வருகின்றன, கம்போசிட்டிங் வரியில் வெறும் "வெப்ரெண்டர்" என்று இருக்கிறது, ஸ்க்ரோல் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் வீடியோவுக்கு சிபியு இன்னும் அதிகம்தான்.

பதில் 3: மெசாபித்தன்

வரைவது வேறு, வீடியோவை டீகோட் செய்வது வேறு. "லிப்விஏ-இன்டெல்-மீடியா-டிரைவர்" தொகுப்பைப் போட்டு "விஏஇன்ஃபோ" ஓட்டுங்கள், கார்டு டீகோட் செய்யும் வீடியோ வடிவங்களை அது காட்டும். உங்கள் சிப் ஸ்கைலேக் தலைமுறை, பட்டியலில் எச்264 இருக்கும், விபி9 இருக்காது. விபி9-ஐ முழுதாக வன்பொருளில் டீகோட் செய்வது அடுத்த தலைமுறையான கேபி லேக்கில்தான் வந்தது, ஏவி1 11-ஆம் தலைமுறையான டைகர் லேக்கில். யூடியூபோ இந்த இரண்டையும்தான் முதலில் நீட்டும்.

எனவே "மீடியா.மீடியாசோர்ஸ்.விபி9.எனேபிள்டு", "மீடியா.ஏவி1.எனேபிள்டு" இரண்டையும் ஃபால்ஸ் ஆக்குங்கள். "மீடியா.ஹார்ட்வேர்-வீடியோ-டீகோடிங்.ஃபோர்ஸ்-எனேபிள்டு" என்பதை ட்ரூ ஆக்கி பிரவுசரை மறுபடி தொடங்குங்கள். வீடியோ மேல் வலது கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறந்தால், கோடெக்ஸ் வரி "ஏவிசி1" என்று தொடங்க வேண்டும். "விபி09" என்றால் அமைப்பு இன்னும் ஏறவில்லை. ஒரு இழப்பு உண்டு: எச்264-இல் யூடியூப் 1080பிக்கு மேல் தருவதில்லை. இந்தச் சிப்பில் 4கே விபி9-ஐ சிபியுவில் ஓட்டித் திணறுவதைவிட இது எவ்வளவோ மேல்.