மாத்திரையைக் குறைக்கும் காலத்தில் எதையெல்லாம் தள்ளி வைத்தீர்கள்?

கும்பகோணம், பள்ளி ஆசிரியை

மனநல மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டாக்டர் அளவைச் சொல்லிவிடுகிறார். எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, எவ்வளவு என்று சீட்டில் எழுதியும் கொடுக்கிறார். ஆனால் அந்த வாரங்களில் குடிக்கிற காபி, போட்டுக்கொள்கிற ஜலதோஷ மாத்திரை, போய் வருகிற கல்யாண வீடு, கெட்டுப்போகிற தூக்கம் எல்லாம் சீட்டில் இருப்பதில்லை. உங்களுக்கு எது தொந்தரவைக் கூட்டியது, எதைத் தள்ளி வைத்ததில் நிம்மதி கிடைத்தது என்று எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

எனக்கு மனச்சோர்வுக்கான எஸ்சிடலோபிராமும் பதற்றத்தை அடக்கும் குளோனசெபாமும் சேர்ந்த ஒரே மாத்திரையைத்தான் கொடுத்திருந்தார்கள். நம் ஊரில் இது சர்வசாதாரணம். அதைப் பாதியாக உடைத்தால் இரண்டு மருந்தும் ஒன்றாகக் குறையும். எது தாங்கவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. இப்போது பார்க்கும் டாக்டர் முதலில் அதை இரண்டு தனி மாத்திரையாகப் பிரித்தார். கொஞ்ச நாள் எதையும் குறைக்காமல் அப்படியே ஓட்டினோம். ஒன்றைத் தொடும் காலத்தில் இன்னொன்றைத் தொடக்கூடாது என்றார். நானே நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். குளோனசெபாம் வகையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

அடுத்து அவர் கேட்டது காபியைப் பற்றி. காலையில் இரண்டு டம்ளர், ஸ்டாஃப் ரூமில் ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒன்று என்று சொன்னேன். உடம்பிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகுமாம். நாலு மணிக்குக் குடித்ததில் பாதி ஒன்பது மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை எல்லாம் மருந்து குறையும்போது வருகிறவை. காபியும் அதையேதான் தருகிறது.

அதற்காகக் காபியை ஒரே நாளில் விட்டாலும் வம்புதான். ஒரு நாளுக்குள் தலைவலி ஆரம்பித்துவிடும். எரிச்சல், சோர்வு என்று ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கலாம். அதை மாத்திரை குறைந்ததன் விளைவு என்று நினைத்துப் பயந்துபோகிறவர்கள் உண்டு. அதனால் மாத்திரையைத் தொடுவதற்கு முன்பே காபியைக் குறைத்து முடித்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டோம். இங்கே சிக்கரி பெரிய உதவி. சிக்கரியில் காஃபீன் கிடையாது. கலவைத் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்க நம் நாட்டு விதி இடம் தருகிறது. 80க்கு 20 வாங்கிக்கொண்டிருந்தவள் 70க்கு 30, 60க்கு 40 என்று இறங்கினேன். மாலைக் காபி சுக்குமல்லியாக மாறியது. அது முடிந்து உடம்பு நிதானப்பட்ட பிறகே முதல் குறைப்பு. இந்த வரிசைதான் எனக்குப் பெரிய வித்தியாசத்தைத் தந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

சென்னை, ஐ.டி. ஊழியர்

அக்கா, எனக்கு மனச்சோர்வுக்கான வென்லாஃபாக்சின். இது உடம்பில் கொஞ்ச நேரமே தங்குகிற மருந்து. ஃபுளுவாக்சடின் மாதிரி வாரக்கணக்கில் மெல்ல வடிவதில்லை. ஒரு வேளை தள்ளிப்போனாலே தலையைத் திருப்பும்போது மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு வெட்டும். அதனால் ஒரு பட்டை மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கும். ஊருக்குப் போகும்போது பையில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று.

என்னைப் பொறுத்தவரை காபியைவிட இரவு ஷிப்ட்தான் எதிரி. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறிக்கொண்டிருந்தபோது ஒவ்வொரு குறைப்பும் கடுமையாக இருந்தது. டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். அதில் நோயின் பெயர் இல்லை. மருத்துவக் காரணத்துக்காக இரவுப் பணி கூடாது என்று மட்டும் இருந்தது. அதைக் காட்டிப் பகல் ஷிப்ட் வாங்கினேன். அதற்குப் பிறகு அதே அளவு குறைப்பைத் தாங்க முடிந்தது.

மதுவை நான் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டேன். அது மூளையை அமைதிப்படுத்துகிற பாதையைத்தான் முதலில் தூண்டுகிறது. போதை இறங்கும்போது, அதாவது நடுராத்திரி இரண்டு மூன்று மணிக்கு, எல்லாம் எதிர்த்திசையில் திரும்பும். வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத பயம். நல்ல உடம்புக்கே இப்படி என்றால் மாத்திரை குறைந்துகொண்டிருக்கும் உடம்புக்குக் கேட்கவே வேண்டாம். குளோனசெபாம், அதே வகையான அல்பிரசோலாம் எடுக்கிறவர்களுக்கு மது இன்னும் ஆபத்து. இரண்டும் ஒரே இடத்தில் வேலை செய்பவை, சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். டீம் பார்ட்டியில் "ஒரே ஒரு பீர்டா" என்று கையில் திணிப்பார்கள். "மாத்திரை சாப்பிடுகிறேன், சேராது" என்று மட்டும் சொல்வேன். என்ன மாத்திரை என்று இதுவரை யாரும் தோண்டிக் கேட்டதில்லை.

மதுரை, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்

எங்கள் அம்மா பல வருடமாக அல்பிரசோலாம் சாப்பிட்டவர். மிக மெதுவாகக் குறைத்து, பாதி தூரம் நன்றாகவே வந்துவிட்டோம். நடுவில் வயிற்றுப்போக்கு. பக்கத்து கிளினிக்கில் ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வயிற்றுக்கு எல்லாருக்கும் கொடுப்பதுதான். அன்று இரவு அம்மாவுக்குக் கைகால் நடுங்கியது, உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. மாத்திரையை முழுசாக நிறுத்திவிட்டோமோ என்று நினைக்கிற அளவுக்கு இருந்தது.

காலையில் மனநல டாக்டரைப் பார்த்தபோது, என்னென்ன மருந்து உள்ளே போனது என்பதைத்தான் முதலில் கேட்டார். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின், லீவோஃப்ளாக்சசின் எல்லாம் ஒரே ஆன்டிபயாடிக் குடும்பம். மூளையில் அல்பிரசோலாம் வேலை செய்யும் அதே காபா ஏற்பிகளை (மூளையை அமைதிப்படுத்தும் இடங்களை) இவை எதிர்த்திசையில் பாதிக்கக்கூடியவை; வலிப்பு எளிதில் வரவும் வழி செய்யும் என்று விளக்கினார். இங்கிலாந்தில் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை அல்பிரசோலாம் வகை மாத்திரைகளிலிருந்து ஆட்களை விடுவிக்கவே தனி கிளினிக் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டனும் இந்த ஆன்டிபயாடிக் குடும்பத்தைப் பற்றி எச்சரித்திருக்கிறார் என்று சொன்னார். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இன்னொரு வேலையும் உண்டாம். காஃபீனைக் கரைக்கும் கல்லீரல் நொதியை அது தடுத்துவிடும். அதே காபிதான், ஆனால் இரண்டு மடங்கு நேரம் தங்கும்.

இவற்றைத் தொடவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. டைஃபாய்டு போல அவசியமான நேரத்தில் கொடுத்துத்தான் ஆக வேண்டும், உயிர் முக்கியம். மாற்று மருந்து இருக்கிற நோய்க்கு மாற்றைக் கேளுங்கள் என்றார். பிறகு அம்மாவுக்கு மூத்திரத் தொற்று வந்தபோது முன்கூட்டியே சொன்னோம். நைட்ரோஃப்யூரன்டாயின் கொடுத்தார்கள், எந்தத் தொல்லையும் இல்லாமல் முடிந்தது. அம்மாவின் பர்ஸில் இப்போது ஒரு சிறு அட்டை இருக்கிறது. குறைத்துக்கொண்டிருக்கும் மாத்திரை, இன்றைய அளவு, தவிர்க்க வேண்டிய மருந்துக் குடும்பம், என் போன் நம்பர் எல்லாம் அதில் உண்டு.

திருநெல்வேலி, மருந்துக்கடை

மதுரை தங்கச்சி சொன்ன அட்டை யோசனையை எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கும் சொல்லப் போகிறேன். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

"தும்மல், ஏதாவது கொடுங்க" என்று வருகிறார்கள். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் ஃபினைல்எஃப்ரின் இருக்கும். அது நெஞ்சுப் படபடப்பைக் கூட்டும். சிலவற்றில் காஃபீனும் இருக்கும். வறட்டு இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், வலி மாத்திரையில் டிராமடால், இரண்டுமே எஸ்சிடலோபிராம், வென்லாஃபாக்சின் வகையோடு சேர்ந்தால் மூளை வேதிப்பொருளான செரடோனின் அளவுக்கு மீறிப் போகலாம். நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகக்கூடியது அது. டிராமடால் வலிப்பையும் வரவழைக்கும். மூச்சிரைப்புக்குக் கொடுக்கிற தியோஃபிலின் காஃபீனின் நெருங்கிய சொந்தம். அலர்ஜிக்குத் தாராளமாகக் கொடுக்கப்படும் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், மனநிலையையே புரட்டிப்போடும். டாக்டர் எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அவரிடம் போய் விஷயத்தைச் சொல்லுங்கள்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். வலி மாத்திரைகளான டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும். வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் ஏறும். காபியைத் திடீரென விட்டாலும் ஏறும்.

சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டை நீட்டினால் போதும். நாங்கள் ஒருநாளும் தப்பாக நினைப்பதில்லை. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாங்குகிற அதே வரிசைதான் இது.

சேலம், தம்பியோடு இருக்கும் அண்ணன்

என் தம்பிக்கு ஓலன்சபின் என்ற மனநல மருந்து. சிகரெட் பழக்கம் உண்டு. சிகரெட் புகை இந்த மருந்தைக் கல்லீரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்துவிடும் என்பது எங்களுக்கு டாக்டர் சொல்லித்தான் தெரியும். நிகோட்டினுக்கு இதில் பங்கில்லை, புகையில் உள்ள மற்ற பொருள்கள்தான் காரணம். மருந்து குறையும்போது பதற்றம் வரும், பதற்றத்துக்கு இரண்டு சிகரெட் கூடப் பிடிக்கத் தோன்றும். அப்படிப் பிடித்தால் டாக்டர் குறைத்ததற்கு மேல் புகையும் தன் பங்குக்குக் குறைத்துவிடும். மாறாக, சிகரெட்டை ஒரேயடியாக விட்டால் ரத்தத்தில் மருந்து ஏறி எந்நேரமும் தூக்கமாகவே இருக்கும். எனவே சிகரெட் எண்ணிக்கையில் ஏறினாலும் இறங்கினாலும் டாக்டரிடம் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் இன்னொரு விஷயமும் நடந்தது. தூக்கம் வரவில்லை என்றதும் பெரியப்பா ஒரு சூரணம் கொண்டுவந்தார். பாசத்தில் கொண்டுவந்ததுதான். டப்பாவைப் படித்தால் சர்ப்பகந்தா. அந்த வேரிலிருந்துதான் 1952இல் ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் செரடோனின், நார்அட்ரினலின், டோபமின் ஆகிய மூன்று வேதிப்பொருள்களின் சேமிப்பையும் காலி செய்யக்கூடிய மருந்து அது. சித்த மருந்தை நான் குறை சொல்லவில்லை, மூலிகைக்கும் வீரியம் உண்டு என்பதால்தான் சொல்கிறேன். அமுக்கராவும் (அஸ்வகந்தா) தைராய்டு அளவை ஏற்றலாம், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மந்தம் கூடும். இரண்டு வைத்தியர்களுக்கும் ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தங்கை கல்யாணம் வந்தபோது குறைப்பையே தள்ளிப்போட்டோம். மேளச்சத்தம், தூக்கமில்லாத இரவுகள், "இப்ப என்ன பண்றே?" என்று கேட்கும் சொந்தங்கள். கல்யாணம் முடிந்து வீடு பழைய நிலைக்கு வந்த பிறகே அடுத்த அளவு. தம்பிக்கு உள்ளுக்குள் தாங்க முடியாத பரபரப்பு வந்து, உயிரோடு இருக்க வேண்டாம் என்று பேசிய ஒரு ராத்திரியும் இருந்தது. அப்போது அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்தோம், தமிழிலேயே பேசினார்கள். அந்த நம்பரை எல்லாரும் போனில் போட்டு வையுங்கள். அப்படிப் பேச்சு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஆளைத் தனியே விடாதீர்கள்.

கும்பகோணம், பள்ளி ஆசிரியை

சேலம் தம்பி, உங்கள் தம்பியை நீங்கள் பார்த்துக்கொள்ளும் விதத்தைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்துக்காகத் தள்ளிப்போட்டது ரொம்பச் சரி. எனக்குக் கடைசிச் சில மில்லிகிராம்தான் பாக்கி. அளவு குறையக் குறைய ஒவ்வொரு படியும் பெரிதாகத் தெரியும், 10இலிருந்து 5க்கு வருவதைவிட 5இலிருந்து பூஜ்யத்துக்கு வருவதுதான் கடினம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விடைத்தாள் திருத்தும் வேலையும் அக்னி நட்சத்திரமும் முடியும்வரை இதே அளவில் நிற்க அனுமதி வாங்கிவிட்டேன்.

திருநெல்வேலி அண்ணனுக்கு ஒரு கேள்வி. ஒரு பல்லைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. மரத்துப்போகப் போடும் ஊசியால் படபடப்பு வரும் என்கிறார்களே?

திருநெல்வேலி, மருந்துக்கடை

லிக்னோகெயினோடு அட்ரினலின் கலந்து போடுவார்கள் அக்கா, அதனால் வருவது. பெரும்பாலும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். அட்ரினலின் இல்லாத ஊசியும் உண்டு, உங்களுக்கு எது சரி என்று பல் டாக்டர் சொல்வார். ஊசிக்கு முன்பே சீட்டைக் காட்டிவிடுங்கள். எஸ்சிடலோபிராமோடு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும், அதனால் வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். ஆன்டிபயாடிக் எழுதினால் எந்தக் குடும்பம் என்று பார்த்து வாங்குங்கள். அளவைக் குறைக்கிற வாரத்தில் மட்டும் பல்லை வைத்துக்கொள்ள வேண்டாம்.