எக்ஸல்ல கன்டெய்னர் எடை தேதியா மாறுது, அவசர உதவி

கப்பல்கணக்கு:
வணக்கம் மக்களே. டெய்லி கன்டெய்னர் ரிப்போர்ட் திறந்தா எடை பாதி ஆயிரம் மடங்கா காட்டுது, பாதி தேதியா மாறிடுது. நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு, ஃபைல்லயும் ஒண்ணும் மாறல, சென்னை டீம்ல திறந்தா கரெக்டா இருக்கு. மத்தியானத்துக்குள்ள கிளையன்ட்டுக்குப் போகணும், இதுல வீடு வேற தேடிட்டிருக்கேன். ப்ளீஸ்.

நெல்லைஎக்ஸ்பிரஸ்:
ஃபைல் சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட்), எக்ஸ்எல்எஸ்எக்ஸா (எக்ஸலோட சொந்த ஃபைல்)? சாம்பிள் ஒரு வரி போடுங்க. "சென்னை டீம்ல"ன்னா நீங்க எங்க இருக்கீங்க?

சரக்குமாமா:
பவுண்டு கிலோ குழப்பம்தான். எனக்கும் ஒருதடவை வந்துருக்கு.

நெல்லைஎக்ஸ்பிரஸ்:
பவுண்டுன்னா 2.2 மடங்குதானே மாமா வரும், ஆயிரம் எப்படி?

சரக்குமாமா:
அப்போ விபிஎன். ஆஃப் பண்ணிப் பாருங்க.

பைத்தான்பண்டிதர்:
சிஎஸ்விய டபுள் கிளிக் பண்ணித் திறக்கறவங்களுக்கெல்லாம் டேட்டா வேலை குடுத்தா இப்படித்தான் ஆகும். பைத்தானோட டேட்டா லைப்ரரி பாண்டாஸ்ல இது ஒரு வரி. இதே கேள்வி இங்க நூறு தடவை வந்தாச்சு, தேடிப் பாக்கற பழக்கமே கிடையாது.

கப்பல்கணக்கு:
ஹாம்பர்க்ல இருக்கேன், இப்பதான் மாறி வந்தேன். இன்னிக்குதான் இங்க ஆபீஸ்ல புது லேப்டாப் குடுத்தாங்க. சிஎஸ்விதான், திறந்தா எல்லாம் ஒரே செல்லுல வந்துச்சு, டெக்ஸ்ட் டு காலம்ஸ்ல கமா குடுத்துப் பிரிச்சேன். 21.450 டன் 21450 ஆயிடுச்சு, 9.5 டன் "09. மாய்"னு வருது.

நெல்லைஎக்ஸ்பிரஸ்:
இத மொதல்லயே சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும் 😀 21450 டன்னா அது கன்டெய்னர் இல்ல பாஸ், ஒரு கப்பல் லோடு. ஜெர்மன் செட்டிங்ல கமாதான் தசமம், புள்ளி ஆயிரத்துக்கு. தேதிக்கும் புள்ளிதான் போடுவாங்க, அதான் 9.5 மே 9 ஆயிடுச்சு. சிஎஸ்விலயும் அவங்களுக்கு செமிகோலன், அதனாலதான் எல்லாம் ஒரே செல்லுல விழுந்துச்சு.
இப்ப திறந்து வச்சிருக்கறத சேவ் பண்ணாம மூடுங்க, சேவ் பண்ணிட்டா அந்த 9.5 திரும்ப வராது, தேதிதான் இருக்கும். புது ஷீட் எடுத்து டேட்டால ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி (மெனு ஜெர்மன்ல இருந்தா டாட்டன்னு இருக்கும்), டிலிமிட்டர் (பிரிக்கற குறி) கமா, அப்புறம் டிரான்ஸ்ஃபார்ம். அதுவா ஒரு "சேஞ்ச்டு டைப்" ஸ்டெப் போட்டு வச்சிருக்கும், மொதல்ல அத டெலீட் பண்ணுங்க, இல்லன்னா தப்பான நம்பர் மேலதான் மறுபடி மாத்துவீங்க. பிறகு எடைக்கு சேஞ்ச் டைப், யூசிங் லொகேல் (எந்த நாட்டு முறைல எழுதின நம்பர்னு சொல்றது), டெசிமல் நம்பர், இங்கிலீஷ் இந்தியா.

எண்ணூர்காத்து:
விண்டோஸ்ல ரீஜன இந்தியாவுக்கு மாத்திட்டா போதுமே, எதுக்கு இவ்ளோ சுத்து?

நெல்லைஎக்ஸ்பிரஸ்:
ஹாம்பர்க் ஆபீஸ்ல இருந்து வர்ற சிஎஸ்வி அப்புறம் ஒடையும். ஃபைலுக்கு ஃபைல் லொகேல் சொல்றதுதான் சேஃப்.

பைத்தான்பண்டிதர்:
எடைய விடுங்க, ஈடிஏ டைம் (கப்பல் வந்து சேர்ற உத்தேச நேரம்) என்ன டைம் ஸோன்ல வச்சிருக்கீங்க? எல்லாத்தையும் யுடிசில (உலகப் பொது நேரம்) வைக்கணும், அது அடிப்படை.

துறைமுகத்தான்:
அண்ணே, கேட் கட்-ஆஃப் (கன்டெய்னர உள்ள விடற கடைசி நேரம்) எந்த டெர்மினல்லயும் லோக்கல் டைம்லதான் சொல்வாங்க. டிரைவர்கிட்ட யுடிசி சொன்னா லாரி வெளியதான் நிக்கும்.

பைத்தான்பண்டிதர்:
ஸ்டோர் பண்றது வேற, காட்டறது வேற. இதுகூட தெரியாம துறைமுகத்தான்னு பேரு.

துறைமுகத்தான்:
தெரியும் சார். கேரியர் (கப்பல் கம்பெனி) அனுப்பறதுல பாதிக்கு ஸோனே வராது, எதுல இருந்து யுடிசிக்கு மாத்துவீங்க? சென்னைக்கும் ஹாம்பர்க்குக்கும் குளிர்காலத்துல நாலரை மணி வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிறுல இருந்து மூன்றரை. போர்ட் கோட் டிஇஹெச்ஏஎம்மா (ஹாம்பர்க்) ஐஎன்எம்ஏஏவா (சென்னை)ன்னு பாத்துதான் முடிவு பண்ணணும். பாண்டாஸ் அத சொல்லாது.

எண்ணூர்காத்து:
ரெண்டு பேரும் தனி இழை போடுங்கப்பா. @கப்பல்கணக்கு, வீடு பாக்கறப்ப ஆன்மெல்டுங் (குடியிருக்கற முகவரி) பதிவுக்கு ஓனர் கையெழுத்து போட்ட லெட்டர் தருவாரான்னு கேட்டுக்கோங்க. குடி போய் ரெண்டு வாரத்துல பதியணும், டாக்ஸ் ஐடி அதுக்கப்புறம்தான் தபால்ல வரும்.

கப்பல்கணக்கு:
லொகேல் குடுத்ததும் சரியாச்சு, அனுப்பிட்டேன். நன்றி நெல்லை.

துறைமுகத்தான்:
ப்ரோ, நேத்து பழைய லேப்டாப்ல போன ரிப்போர்ட்ல ஈடிஏ எந்த ஸோன்ல போச்சு?

சரக்குமாமா:
விபிஎன் ஆஃப் பண்ணீங்களா இல்லையா?