லினக்ஸ் கர்னல் (சிஸ்டத்தோட மையப் புரோகிராம்) பேட்ச் ஒன்னு, அதாவது கோடில் சின்னத் திருத்தம், யாராவது பார்த்துச் சொல்லுங்க

அண்ணன்மாரே, ரங்கூன் தாம்வேயிலிருந்து எழுதுறேன். பழைய 32 பிட் லேப்டாப், 2 ஜிபி ராம். ராமிலிருந்து வெளியே தள்ளின பேஜையே (நினைவகத்தின் ஒரு துண்டு) திரும்பத் திரும்ப டிஸ்க்கிலிருந்து இழுக்குது. அதை எண்ணத்தான் லினக்ஸ் கர்னலோட வொர்க்கிங்செட் கோடில் (எந்தப் பேஜ் திரும்பத் தேவைப்படுதுன்னு கணிக்கிற பகுதி) கை வெச்சேன்.

பேஜ் போனதும் அது இருந்த இடத்தில் ஒரு ஷேடோ என்ட்ரி நிக்கும் (2014-இல் கர்னல் 3.15-இல் வந்த ஏற்பாடு). பேஜ் வெளியேறினப்போ கவுன்ட்டர் காட்டின எண் அதில் இருக்கும். வீட்டைக் காலி பண்ணினவர் கதவில் தேதி எழுதி வெச்ச மாதிரி. பேஜ் திரும்பி வந்தா, இப்போதைய கவுன்ட்டரிலிருந்து அந்த எண்ணைக் கழிச்சு தூரம் பார்க்கும்.

சிக்கல் அங்கேதான். ஷேடோவில் முழு எண்ணும் அடங்காது, கவுன்ட்டர் சீக்கிரமே சுத்தி பூஜ்யத்துக்கே வந்துடும். நான் மாஸ்க்கை (ஷேடோவில் அடங்குற பிட்டுகளை மட்டும் விட்டுவைக்கிறது) கழிக்கிறதுக்கு முன்னாடி போட்டிருக்கேன். நேத்து தூரம் 4294-இல் ஆரம்பிக்கிற பத்து இலக்கமா வந்து நின்னுச்சு! கழிச்ச பிறகுதான் போடணுமோ? எக்ஸ்-அரே (பேஜ்களை அடுக்கி வெக்கிற பட்டியல்) லாக்கையும் ஒரு பார்வை பாருங்க. பேட்ச் 40 வரிதான். கரண்ட் இருக்கிறப்போ பதில் போடுவேன், கோவிச்சுக்காதீங்க.