அப்பத்தாவும் ஐயாவும் ஒரே படத்தில்: இது எப்படிச் சாத்தியம்?

கேள்வி: தேவகோட்டைக்காரன்

அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது போஸ்ட் கார்டு அளவில் ஒரு படம் கிடைத்தது. ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன். ஐயா கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அப்பத்தா பக்கத்தில் நிற்கிறாள், மணிக்கட்டில் கடிகாரம், கையில் தடிப் புத்தகம். பின்னால் தூணும் படிக்கட்டும் ஏரியும் வரைந்த திரை. படத்தின் பின்பக்கம் பென்சிலில் ஓர் எண், அதன் கீழே ‘43’.

குழப்பம் இதுதான். ஐயா கல்யாணமான மறு வருஷமே பினாங்குக்குக் கப்பல் ஏறியவர். அங்கே ஒரு கடையில் கணக்கெழுதினார். யுத்தம் முடிந்து 1946-ல்தான் திரும்பினார் என்று அப்பா சொல்வார். அப்படியானால் 43 வருஷமா, வேறு ஏதாவதா? அப்பத்தா கைநாட்டு வைக்கிறவள், அவள் கையில் புத்தகம் எதற்கு? இந்தப் படத்தை வைத்து அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை மனதில் கொண்டுவரப் பார்க்கிறேன், பிடி கிடைக்கவில்லை.

பதில்: கும்பகோணம் ஸ்டூடியோ

தம்பி, எங்களுக்கு என் அப்பா காலத்திலிருந்து ஸ்டூடியோத் தொழில். உங்கள் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பத்தாவின் மூக்கு நிழல் ஒரு பக்கம் விழுகிறது, ஐயாவுடையது எதிர்ப்பக்கம். ஒரே அறையில், ஒரே வெளிச்சத்தில் இப்படி விழாது. அப்பத்தா காலடியில் தரையில் நிழல் இருக்கிறது. ஐயாவின் நாற்காலிக் கால்களுக்குக் கீழே இல்லை. அவர் முகமும் அப்பத்தா முகத்தைவிடக் கொஞ்சம் மங்கல்.

இது இரண்டு படங்களைச் சேர்த்தது. ஊரில் இல்லாதவர், இறந்துபோனவர் படத்தைக் கொண்டுவந்து கொடுத்துச் சேர்த்துத் தரச் சொல்வார்கள். ஆளை நாற்காலியோடு கத்தரித்து மற்றப் படத்தில் ஒட்டுவோம். விளிம்பில் மை தொட்டு மறைத்துவிட்டு, மொத்தத்தையும் மறுபடி படம் பிடிப்போம். அதனால் தடவிப் பார்த்தால் ஒட்டுத் தெரியாது, நிழல்தான் காட்டிக்கொடுக்கும். ஆகவே 43 வருஷமாகவே இருக்கலாம். மேலே உள்ளது நெகடிவ் எண்.

புத்தகமும் கடிகாரமும் ஸ்டூடியோவுடையவை. எங்களிடமும் ஓடாத கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. கோட்டு ஒன்று, முதுகில் வெட்டி நாடா தைத்தது, எந்த உடம்புக்கும் பொருந்தும். புத்தகம் கொடுப்பது கை சும்மா இருந்தால் ஆடும் என்பதற்காக. லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டும்வரை அசையக் கூடாதே.

நான் எந்தப் பழைய படத்திலும் காதையும் பாதத்தையும்தான் முதலில் பார்ப்பேன். அவற்றை ஸ்டூடியோவால் மாற்ற முடியாது. உங்கள் அப்பத்தா வெறுங்காலோடு நிற்கிறார். தண்டட்டி போட்டு வளர்த்த காது தோளை நோக்கித் தொங்குகிறது, ஆனால் காதில் தண்டட்டி இல்லை. படம் எடுக்க வருகிறவர்கள் இரவல் நகையாவது போட்டுக்கொண்டு வருவார்கள். வெறுங்காதோடு வந்து நின்றிருக்கிறார் என்றால் வீட்டில் என்ன நிலைமை என்று யோசியுங்கள்.

பதில்: ஈப்போ மீனா

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனது, 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர். அதிலிருந்து 1945 வரை இங்கிருந்து ஊருக்குப் பணமும் போகவில்லை, கடிதமும் போகவில்லை. ஊரில் இருந்த பெண்களுக்குப் புருஷன் உயிரோடு இருக்கிறானா என்பதுகூடத் தெரியாது. தண்டட்டி எங்கே போயிருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

இங்கே இருந்தவர்கள் கதை வேறு. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். அவருக்குச் சேர்த்து ஒட்டக்கூட எங்களிடம் ஒரு படம் இல்லை. உங்கள் ஐயா திரும்பி வந்தாரே, அதுவே பெரிது.

கேட்டவர்: தேவகோட்டைக்காரன்

சார், உங்கள் பதிலைப் பெரிய அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஐயா கப்பல் ஏறிய பிறகு பிறந்தவர் அவர். படத்தைக் கையில் வாங்கிக் கண்ணருகே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். தண்டட்டி அடகுக்குப் போய் மூழ்கிவிட்டதாம். ஐயா பினாங்கிலிருந்து அனுப்பியிருந்த படத்தை மடியில் முடிந்துகொண்டு அப்பத்தா ஸ்டூடியோவுக்குப் போனதே அத்தைக்காகத்தானாம். பிள்ளை தகப்பன் முகம் தெரியாமல் வளரக் கூடாதென்று. அத்தையையும் சேர்த்து நிறுத்தத்தான் பார்த்திருக்கிறார்கள், கறுப்புத் துணிக்குள் ஆள் நுழைவதைப் பார்த்து அத்தை அலறிவிட்டாராம். தினமும் விளக்கேற்றியதும் “இதுதான் உங்க அப்பா” என்று காட்டுவாளாம். ஐயா திரும்பி வந்தபோது, கோட்டு இல்லாததால் அத்தை அவரிடம் போகவே மாட்டேன் என்றாராம்!

மீனா அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவிடம் காட்டினேன். ஐயா அந்த வருஷங்களைப் பற்றி வாயே திறந்ததில்லை என்றார்.

பதில்: கும்பகோணம் ஸ்டூடியோ

அத்தை பேசுவதை முதலில் போனில் பதிவு செய்யுங்கள். படத்தின் ஓரத்தில் நீலமாக மினுங்குவது காகிதத்திலுள்ள வெள்ளி மேலே வருவது. துணியால் தேய்க்காதீர்கள். லேமினேஷன், செலோ டேப் எதுவும் வேண்டாம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். அந்த ஸ்டூடியோ எந்தத் தெருவில் இருந்தது என்று அத்தைக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குடும்பத்தார் யாராவது பழைய கண்ணாடி நெகடிவ்களை வைத்திருந்தால், எண்ணைச் சொல்லித் தேடிப் பார்க்கலாம்.