துப்பாக்கி எங்க மக்கா? – கம்பெனி கைக்குப் போன படங்கள், நம்மூர் அனுபவங்கள்

தக்கலைக்காரன்:

2025 அக்டோபரில், லண்டனில் நர்ஸாக இருக்கும் அக்கா வாட்ஸ்அப்பில் சில படங்கள் அனுப்பினாள். அமேசானின் பிரைம் வீடியோவில் ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு வைத்திருந்த முகப்புப் படங்கள். பெரியப்பாவிடம் காட்டினேன். நாகர்கோவிலில் ஒரு தியேட்டருக்கு வெகுகாலம் போஸ்டர் ஒட்டியவர் அவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எல்லாம் சரி, துப்பாக்கி எங்க மக்கா? இவன் என்னத்துக்கு சும்மா நிக்கான்?”

கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டார்கள். பாண்டாக நடித்த ஷான் கானரி கையில் துப்பாக்கி இல்லை. இன்னொரு பாண்டான ரோஜர் மூருக்கோ துப்பாக்கியை எடுத்த கையோடு கையே நீண்டுவிட்டது. ரசிகர்கள் சத்தம் போட்டதும் அந்தப் படங்களை எடுத்துவிட்டு, படத்திலிருந்தே வேறு காட்சிகளை வைத்தார்கள். அதிலும் துப்பாக்கி கிடையாது!

பெரியப்பாவுக்குச் சிரிப்பு. “நாங்களும் மறைச்சிருக்கோம்டா. போலீஸ்காரன் வந்து சொன்னா வெள்ளைப் பேப்பர் கிழிச்சு மைதாப் பசையில ஒட்டுவோம். ஆனா மறைச்சது துப்பாக்கிய இல்ல.” எதை மறைத்தார் என்று கேட்டதற்கு, பெரியம்மா அடுக்களையில் இருப்பதாகக் கண்ணைக் காட்டினார். ஒரு மழை பெய்தால் அந்தப் பேப்பர் உரிந்து விழுந்துவிடுமாம், அதைப் பார்க்கவென்றே பள்ளிக்கூடத்துப் பையன்கள் வருவார்களாம்.

1983-ல் வந்த ஆக்டோபஸி என்ற பாண்ட் படத்தில் நம்ம சென்னை விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையை வைத்து ரவுடிகளை அடிக்கிற இடத்தில் தியேட்டரே விசிலடித்ததை இன்றும் சொல்லுவார். நல்லவேளை, மட்டையை யாரும் துடைக்கவில்லை.

பாண்ட் படங்களை வெளியிட்டுவந்த எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் கம்பெனியை அமேசான் 2022-ல் 845 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போதுகூட பாண்ட் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது, அந்தப் படங்களைத் தயாரித்துவந்த பிராக்கலி குடும்பம்தான். 2025 பிப்ரவரியில் அந்தப் பிடியும் அமேசான் கைக்கு மாறியது. அன்றைக்கே அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ், அடுத்த பாண்டாக யாரைப் போடலாம் என்று எக்ஸ் தளத்தில் ஊரைக் கேட்டார். சோப்புக்கு எந்த வாசனை வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு. உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

குழித்துறை வாசகர்:

ரொம்பப் புலம்பாதீங்க அண்ணே. குடும்பம் வைத்திருந்தபோதும் கல்லாப்பெட்டி திறந்துதான் இருந்தது. பாண்டை 1995-ல் பி.எம்.டபிள்யூ காரில் ஏற்றினார்கள், 2012-ல் ஹைனெகன் பீர் குடிக்க வைத்தார்கள்.

என் கதை வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் டி.வி.யில் 007 என்று ஏதோ போட்டான். புது பாண்ட் படமாக்கும் என்று பழம்பொரியும் கட்டன் சாயாவுமாகக் குடும்பத்தோடு உட்கார்ந்தோம். பார்த்தால் யாரோ சாதாரண ஆட்கள் இரண்டிரண்டு பேராக மலையில் ஏறுகிறார்கள், கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், ஜெயித்தால் 10 லட்சம் பவுண்டாம். 2023-ல் வந்த போட்டி நிகழ்ச்சி அது. “பாண்ட் எப்பம்பா வருவான்?” என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசிவரை வரவில்லை. அதிலும் அந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. அதனால் எல்லாப் பழியையும் வாங்கினவன் தலையில் போட எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று, அடுத்த படத்துக்கு டெனி வில்நூவை டைரக்டராகப் போட்டிருக்கிறார்கள். அது கொள்ளாம்தானே?

வடசேரி டீச்சர்:

பாண்டை விடுங்கள், நம்ம தனுஷ் படத்துக்கு நடந்தது தெரியாதா? 2013-ல் வந்த ராஞ்சனா என்ற இந்திப் படத்தை 2025 ஆகஸ்டில் அம்பிகாபதி என்று தமிழில் திரும்ப வெளியிட்டபோது, ஏ.ஐ. வைத்து முடிவையே மாற்றினார்கள். செத்த கதாநாயகன் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறான். தனுஷும் டைரக்டர் ஆனந்த் எல். ராயும் வெளிப்படையாக எதிர்த்தும், உரிமை வைத்திருந்த ஈராஸ் கேட்கவில்லை. அது தொழில்நுட்பக் கம்பெனிகூடக் கிடையாது, சினிமாக் கம்பெனிதான். கருவி கையில் கிடைத்தது, அவ்வளவுதான்.

கல்லூரியில் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசினேன். எல்லாரும் கொதிப்பார்கள் என்று நினைத்தால், பாதிப் பேர் “பிழைச்சா நல்லதுதானே மிஸ்” என்கிறார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி மட்டும் எழுந்து, “இனி நான் படத்தைப் பார்த்து அழுதேன்னு சொன்னா, எந்த முடிவுக்குன்னு கேப்பாங்க” என்றாள். வருகைப் பதிவு எடுக்கவே மறந்துவிட்டேன்.

கருங்கல் ஜங்ஷன்:

டீச்சர் சொன்னதுதான் எனக்கும் பயம். நாளைக்கு முகப்பில் எடுத்த துப்பாக்கியைப் படத்துக்குள்ளேயும் எடுத்தால், பழைய பிரதி யார் வீட்டில் இருக்கும்? நான் சந்தா கட்டுகிற ஆப்பில், போன மாசம் பாதி பார்த்து வைத்த படம் இந்த மாசம் இல்லை. வருஷத்துக்குப் பணம் வாங்கிவிட்டு நடுவில் விளம்பரம் வேறு. அம்மாச்சி விளம்பரத்தையும் கதை என்று நினைத்து, “இந்தப் பொண்ணு யாரு, அவனுக்க தங்கச்சியா?” என்கிறாள்.

அதனால் பரணில் கிடந்த டி.வி.டி. பெட்டியை இறக்கினேன். கல்ஃபிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த பாண்ட் படங்கள் அதில் பத்திரமாக இருக்கின்றன. பிளேயர்தான் தட்டை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பத் தர மாட்டேன் என்கிறது. மார்த்தாண்டம் பக்கம் இன்னும் டி.வி.டி. பிளேயர் ரிப்பேர் பார்க்கிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.